கொல்லிமலையில் ஒரு வீட்டுப் பள்ளி: கப்பல் ஏறுவதற்கு முந்தைய அந்த ஒரு வருடம்!

கணக்குப் பாடம் என்று வந்துவிட்டால், அந்தப் பையனுக்கு ஓர் இடத்தில் உட்காரவே முடியாது. ஜன்னலுக்கு வெளியே காடு, பள்ளத்தில் ஓடை, தோழர்களின் கூச்சல். கண்கள் ஸ்லேட்டில் இருந்தாலும் மனசு அங்கேதான் இருக்கும்.

அவனுடைய டீச்சர் பிரம்பை எடுக்கவில்லை. 'மரத்தில் ஏறி உட்கார்ந்து போடுகிறாயா? போடு' என்று விட்டுவிட்டார். பையன் கிளையில், டீச்சர் கீழே. பாடம் நடந்தது. காரணம், அந்த டீச்சர் அவனுடைய அம்மா. அந்தப் பள்ளியில் மொத்த மாணவர்களே இரண்டு பேர்தான், அவனும் அவன் தங்கையும்.

இன்று 'ஹோம் ஸ்கூலிங்' என்று நகரத்துப் பெற்றோர் பேசிக்கொள்கிறார்களே, அது நூறு வருடங்களுக்கு முன்பு நம் கொல்லிமலையில், வாழவந்தி என்ற ஊரில், ஒரு மரவீட்டில் நடந்துகொண்டிருந்தது. அம்மா ஈவ்லின், அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், மகன் பால், மகள் கோனி. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி குடும்பம். மரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்ட அந்தப் பையன்தான், பிற்காலத்தில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திக் காட்டிய வேலூர் சி.எம்.சி மருத்துவர் பால் பிராண்ட்.

1922 ஜூலையில் அவனுக்கு எட்டு வயது முடிந்தது. அடுத்த ஆண்டு, 1923-ல், குடும்பம் கப்பல் ஏறியது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்த வீட்டுப் பள்ளியின் கடைசி வருடம்.

மழையில் ஏறிய கல்யாணப் பெண்

ஈவ்லின் லண்டனில் வசதியான வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியம் கற்றவர். பட்டு, தொப்பி, வண்ணக் குழம்பு என்று வாழ்ந்திருக்க வேண்டியவர், முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஊழியத்துக்காக இந்தியா வந்தார். ஜெஸ்ஸி அவரைவிட ஆறு வயது இளையவர். கட்டட வேலை தெரிந்தவர். வெப்பநாட்டு நோய்களுக்கான மருத்துவத்தை ஓராண்டு படித்துவிட்டு, 1907-லேயே இங்கு வந்துவிட்டார். முழு டாக்டர் இல்லை. ஆனால், மலையில் வேறு டாக்டரே இல்லை.

1913 ஆகஸ்டில், மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. முடிந்த கையோடு, கொட்டும் மழையில், மணப்பெண்ணை டோலியில் வைத்து மலைக்குத் தூக்கிப்போனார்கள். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை போகும் மலை அது. அன்று ஒற்றையடிப் பாதைதான்.

மேலே, ஜெஸ்ஸி தன் கையாலேயே எழுப்பிய மரவீடு காத்திருந்தது. தூண்கள் மேல் நிற்கும் வீடு. கறையான் ஏறாமலிருக்க ஒவ்வொரு தூணின் தலையிலும் இரும்பு வாணலியைக் கவிழ்த்து வைத்திருந்தார்! கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. கொல்லிமலை என்றாலே அந்தக் காலத்தில் கீழே இருப்பவர்களுக்கு மலைக்காய்ச்சல் பயம்தான். பிராண்ட் தம்பதியையும் மலேரியா திரும்பத் திரும்பப் படுக்கப்போட்டது. அந்தக் குடும்பத்தில் 1914-ல் மகனும், இரண்டு வருடங்கள் கழித்து மகளும் வந்து சேர்ந்தார்கள்.

அம்மாவின் பாடம், அப்பாவின் பாடம்

காலை நேரம் அம்மாவுக்கு. எழுத்து, வாசிப்பு, கணக்கு, பைபிள் கதைகள். ஓவியக்காரி என்பதால் அவருக்கு நிறம் முக்கியம். ஒரு பூவைக் காட்டினால் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட மாட்டார். அதை உற்றுப் பார்க்கவைப்பார், வரையவைப்பார்.

அப்பாவுக்குத் தனியாக வகுப்பு நேரம் கிடையாது. அவரோடு நடந்தாலே வகுப்புதான். வழியில் ஒரு கறையான் புற்று வந்தால் நின்றுவிடுவார். உள்ளே எப்படி அறைகள் இருக்கின்றன, யார் வேலைக்காரர், யார் காவல் என்று விளக்குவார். பறவைக்கூடு, பூச்சி, மரப்பட்டை எல்லாமே பாடப்புத்தகம். 'பார்' என்பதுதான் அவருடைய முதல் பாடமும் கடைசிப் பாடமும்.

மிச்ச நேரம் முழுக்க மலைப் பிள்ளைகளோடுதான். செருப்பில்லாத கால். வீட்டுக்குள் ஆங்கிலம், வெளியே தமிழ். தன் தோழர்களுக்கும் தனக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவனுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மலையில் வேறு ஆசிரியர்களும் இருந்தார்கள். பால் பிராண்ட் வயதான பிறகு எழுதிய ஒரு சம்பவம் இது. படிக்கட்டு வயலில் சிறுவர்கள் தவளை பிடித்துக்கொண்டிருந்தார்கள். போட்டி முற்ற, வயல் முழுக்கக் கலங்கிச் சேறானது. கலங்கிய தண்ணீர் வரப்பின் வாய்க்கால் வழியே கீழ் வயலுக்கு ஓடியது. எல்லோரும் 'தாத்தா' என்று கூப்பிடும் ஒரு பெரியவர் மெல்ல நடந்து வந்தார். வரப்புகளையும் தண்ணீரையும் கவனிப்பது அவர் வேலை. கை நிறையச் சேற்றை அள்ளி, இது என்ன என்று கேட்டார். சேறு என்றார்கள். இந்தச் சேற்றில்தான் வருடா வருடம் நெல் விளைகிறது, உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் சோறு இதிலிருந்துதான், கலங்கிய தண்ணீரோடு கீழே போன மண் திரும்பி மேலே வராது என்று சொல்லிப் புரியவைத்தார். அவர் அடிக்கவில்லை. பையன்கள் தலைகுனிந்து கரையேறினார்கள்.

எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத வகுப்பு அது. எழுபது வயதிலும் அவருக்கு அது மறக்கவில்லை.

நூல்போல் வந்த புழு

வீட்டின் வாசல்தான் மலைக்கே ஆஸ்பத்திரி. பல்வலி என்றால் ஜெஸ்ஸி குறடை எடுப்பார். கட்டி என்றால் கீறிவிடுவார். கோடையில் வருபவர்களில் நிறையப் பேருக்கு நரம்புச் சிலந்தி.

இன்றைய பிள்ளைகள் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். குடிக்கும் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் வழியாக உள்ளே போகும் புழு அது. உடம்புக்குள் ஏறக்குறைய ஒரு வருடம் வளர்ந்து, கிட்டத்தட்ட மூன்றடி நீளத்துக்கு நூல்போல் ஆகி, காலில் கொப்பளம் கிளப்பி வெளியே தலைகாட்டும். இந்தக் கோடையில் குடித்த தண்ணீருக்கு அடுத்த கோடையில் தண்டனை. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும், உள்ளே சீழ் பிடிக்கும். எனவே, ஒரு குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும்.

மகன் இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தான். பார்த்து ரசிக்கவில்லை, வெறுத்தான். சீழும் ரத்தமும் அவன் வயிற்றைக் குமட்டின. 'நான் டாக்டராக மாட்டேன்' என்பது சின்ன வயதிலேயே அவன் எடுத்துவிட்ட முடிவு.

ஆனால், அப்பா குச்சியில் சுற்றுவதோடு நிறுத்தவில்லை. மக்கள் படியிறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் எடுக்கும் கிணறுகள்தான் நோயின் பிறப்பிடம். காலில் இருக்கும் புழு அதே தண்ணீரில் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளை விடும், அதே தண்ணீரை ஊர் குடிக்கும். கிணற்றில் கால் வைக்காமல் நீர் எடுக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னார். கட்டடக்காரர் ஆயிற்றே, கைகளும் சும்மா இருக்கவில்லை. மலைப் பையன்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். விவசாயத்திலும் புதுப்புது முயற்சிகள்.

சுவிசேஷம் சொல்ல வந்தவர்தான். ஆனால், பல வருடங்கள் யாரும் அவர் மதத்தில் சேரவில்லை. ஊர்ப் பூசாரிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. 1918-ல் உலகம் முழுக்கப் பரவிய விஷக்காய்ச்சல் கொல்லிமலைக்கும் ஏறியது. வீட்டுக்கு வீடு படுத்துக்கிடந்தவர்களுக்கு ஜெஸ்ஸியும் ஈவ்லினும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் ஊட்டினார்கள். பூசாரியும் அவர் மனைவியும் சாகக் கிடந்தபோது, தங்கள் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்குப் பூசாரிக்குத் தோன்றிய ஒரே வீடு, அவர் எதிர்த்த அந்த மரவீடு. அங்கிருந்து வந்த பெண் குழந்தை ரூத்தையும் ஈவ்லின் தன் பிள்ளையாகவே வளர்த்தார்.

கூடைப் பழமும் கையுறையும்

இன்னொரு பிற்பகல். மூன்று மனிதர்கள் வீட்டை நோக்கி வந்தார்கள். மற்ற நோயாளிகள்போல நெருங்கி வராமல், தள்ளியே நின்றார்கள். கைவிரல்கள் குட்டையாக, கால்களில் கட்டு. தொழுநோய். அம்மா பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். பையன் மறைந்து நின்று பார்த்தான்.

எந்தக் காயத்தையும் வெறுங்கையால் தொடும் அப்பா, அன்று கையுறை போட்டுக்கொண்டார். புண்களைக் கழுவினார், மருந்து தடவிக் கட்டினார். வழக்கமாக நோயாளிகளோடு பேச்சும் சிரிப்புமாக இருப்பவர், அன்று அதிகம் பேசவில்லை. வந்தவர்கள் நன்றிக்காக ஒரு கூடைப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். கூடையைத் தொடாதே, அவர்கள் நின்ற இடத்தில் விளையாடாதே என்று பிள்ளைகளுக்கு உத்தரவு.

அந்த நோய்க்கு அப்போது குணப்படுத்தும் மருந்து இல்லை. அப்பாவின் முகத்தில் அவன் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தான். தைரியசாலியான தன் அப்பாவையே தள்ளி நிற்கவைத்த நோய் என்று அது அவன் மனதில் தங்கிவிட்டது.

நாள் எண்ணிய வீடு

அந்தக் காலத்தில் இங்கிருந்த ஆங்கில மிஷனரி குடும்பங்களில் ஓர் எழுதப்படாத வழக்கம் இருந்தது. பிள்ளைகள் ஓரளவு வளர்ந்ததும் சீமைக்கு அனுப்பிவிட வேண்டும். காய்ச்சல் பயம் ஒரு காரணம். 'ஊர்ப் படிப்பு' இல்லாவிட்டால் பிற்காலத்தில் அங்கே பிழைக்க முடியாது என்பது இன்னொன்று. மலைமேல் அம்மா எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும், மரக்கிளைப் பள்ளிக்கு ஒரு முடிவு தேதி இருந்தது.

இந்த இடத்தில் வாசிக்கிற எந்த அம்மாவுக்கும் ஒரு கேள்வி வரும். மற்றவர்கள் பிள்ளைகளுக்காக மலையேறி வந்தவர்கள், தங்கள் பிள்ளைகளை எப்படி விட்டுவிட்டுத் திரும்பினார்கள்? பிள்ளைகளுக்காக அங்கேயே தங்கியிருக்கலாமே? அல்லது, அவர்களைத் தங்களோடே வைத்துக்கொண்டிருக்கலாமே?

ஈவ்லினுக்கும் ஜெஸ்ஸிக்கும் அழைப்பு என்பது கடவுளிடமிருந்து வந்தது. அதை விடுவது அவர்கள் கணக்கில் இல்லை. மலையில் அவர்களை நம்பி நோயாளிகள் இருந்தார்கள், ரூத் போன்ற பிள்ளைகள் இருந்தார்கள். அது அவர்கள் தரப்பு நியாயம். ஆனால், விலை கொடுத்தது அவர்கள் மட்டும் இல்லை. எட்டு வயதும் ஆறு வயதுமாக இருந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் கொடுத்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க முடியாது.

1923-ல் நான்கு பேரும் இங்கிலாந்து போனார்கள். ஓராண்டுக்குச் சற்று அதிகமாக ஒன்றாக இருந்தார்கள். பிறகு பெற்றோர் மட்டும் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் லண்டனில், அம்மாவின் சகோதரிகள் வீட்டில். பாசமான பெரியம்மாக்கள்தான். ஆனால், அது உயரமான, ஒழுங்கான பட்டணத்து வீடு. காலுக்கு எப்போதும் ஷூ. பாடத்துக்கு நாற்காலி. ஏறி உட்கார்ந்து கணக்குப் போட அங்கே மரம் இல்லை.

தந்திக்குப் பிறகு வந்த கடிதங்கள்

அதன் பிறகு குடும்பம் என்பது காகிதத்தில்தான். அப்பா தவறாமல் எழுதினார். அந்தக் கடிதங்களும் பழைய நடைவகுப்பின் தொடர்ச்சிதான். காட்டில் என்ன பார்த்தார், எந்தப் பறவை, எந்தப் பூச்சி, நீ அங்கே என்ன பார்க்கிறாய். கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து அந்தப் பாடங்கள் வந்து சேர்ந்தன.

1929 ஜூன் மாதம் லண்டன் வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது. மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி பிராண்ட் இறந்துவிட்டார். வயது 44. அன்றைக்கு மகனுக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை.

அதைவிடக் கொடுமை பின்னால் வந்தது. தந்தி வேகமாக வந்துவிட்டது. கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அப்பா இறந்த செய்தி தெரிந்த பிறகும், அப்பாவின் கையெழுத்தில் கடிதங்கள் வந்தன. காட்டையும் மரங்களையும் பற்றி, உயிரோடு இருக்கும் ஒருவர் எழுதிய கடிதங்கள்.

பிறகு அம்மா இங்கிலாந்து வந்தார். அவன் மனதில் இருந்தது, மரத்தடியில் நிமிர்ந்து நின்ற அழகான அம்மா. கப்பலிலிருந்து இறங்கியது, துக்கத்தில் கூனிப்போன, நரைத்த ஒரு பெண்மணி. இவர்தானா என்று மகனுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஈவ்லின் அங்கேயே தங்கிவிடவில்லை. மறுபடி இந்தியா திரும்பினார்.

மிச்சமிருந்த பாடம்

உறவினர் ஒருவர் மருத்துவப் படிப்புக்குப் பணம் தர முன்வந்தும், மகன் வேண்டாம் என்றான். குச்சியில் சுற்றிய புழு நினைவில் இருந்தது. அப்பாவைப்போலக் கட்டட வேலைக்குப் போய், தச்சும் கொத்தும் வருடக்கணக்கில் பழகினான். பின்னர், அப்பாவைப்போலவே ஊழியத்துக்கான தயாரிப்பாக ஒரு சிறு மருத்துவப் பயிற்சிக்குச் சென்றபோது மனசு மாறியது. முறையாக மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப்போரில் லண்டன் மேல் குண்டு விழுந்த நாள்களில் அறுவை சிகிச்சை பழகினார். 1946-ல் வேலூர் வந்தார்.

மறு வருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில், மடங்கிய விரல்கள் கொண்ட ஒருவரின் கையைப் பிடித்துப் பார்த்தார். அந்தக் கை அவர் விரல்களை இறுக்கி நசுக்கியது. செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்ததில், உயிரோடு இருக்கும் தசைகள் இருக்கின்றன! அந்தத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்தால் விரல் நிமிருமே என்று தோன்றியது. அப்படித்தான் தொழுநோயாளிகளுக்கான அந்த அறுவை சிகிச்சை வேலூரில் தொடங்கியது. விரல் நிமிர்ந்தவர்களுக்குப் பிழைப்பு வேண்டுமே என்று, மருத்துவமனை வளாகத்தில் குடிசைகள் போட்டு அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். அங்கே தினமும் அவர்கள் கைகளை உற்றுப் பார்த்தார். எந்தக் கருவி எங்கே காயம் செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். நோய் தின்று விரல் போவதில்லை, வலி தெரியாததால் வரும் காயங்கள்தான் விரலைக் கொண்டுபோகின்றன என்பது அப்படித்தான் உறுதியானது.

'பார்' என்று கொல்லிமலையில் அப்பா சொல்லிக்கொடுத்தது அதைத்தான். அப்பா கையுறையோடு தள்ளி நின்ற இடத்தில், மகன் வெறுங்கையை நீட்டினார்.

இதனால் அந்தப் பிரிவு சரியாகிவிட்டது என்று சொல்லிவிட முடியுமா? அப்பாவை மறுபடி பார்க்காமலே வளர்ந்த ஒரு பையனுக்கு, எந்தச் சாதனையும் அதை ஈடுகட்டாது. ஆனால், ஒன்பது வயதுக்குள் அந்த வீடு கொடுத்தது போதாமல் போகவில்லை.

மிஷன் நிர்வாகம் வயதைக் காட்டி ஓய்வு கொடுத்த பிறகு, ஈவ்லின் தன் பொறுப்பிலேயே மறுபடி கொல்லிமலை ஏறினார். எழுபது, எண்பது வயதிலும் குதிரையில் மலை ஊர்களைச் சுற்றினார். மலை மக்களுக்கு அவர் 'பாட்டி'. ஒருகாலத்தில் மற்றவர்கள் அழகி என்று சொன்ன அந்தப் பெண், கடைசி இருபது வருடங்கள் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974-ல், 95 வயதில் இறந்தார்.

வாழவந்தியில், ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். மகன் அப்போது அறுபது வயதுப் பெரியவர். அம்மா பாடம் சொல்லிக்கொடுத்த மலை அதே இடத்தில் இருந்தது.